தலைப்பிரசவமும் பத்து வருட கார்டும் ஒரே நேரத்துல வருது: சார்செல்ல இருக்கிற தங்கச்சிக்கு என்ன வழி?

முத்தியால்பேட்டை அண்ணன்:
வணக்கம். எங்களுக்குப் புதுச்சேரி முத்தியால்பேட்டை. தங்கச்சிக்கு 2023 நவம்பர்ல இங்கேயே கல்யாணம் ஆச்சு. மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டி, தாத்தா காலத்துச் சொல்தா (பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க) குடும்பம். கான்சுலேட்ல கல்யாணத்தைப் பதிஞ்சு, 2024 பிப்ரவரியில நீண்டகால விசா வாங்கிக்கிட்டு பாரிஸ் பக்கம் சார்செல் போயிட்டா. முதல் வருஷம் அந்த விசாவே தங்கும் அனுமதி. ஓஃபி (குடியேறி வர்றவங்களுக்கான பிரெஞ்சு அரசு அலுவலகம்) நடத்தற மொழி வகுப்பும் முடிச்சா. அப்புறம் ரெண்டு வருட கார்டு கொடுத்தாங்க, அது 2027 பிப்ரவரி வரைக்கும் செல்லும். கல்யாணமாகி மூணு வருஷம் முடிஞ்சா அங்க இருந்தபடியே பத்து வருட கார்டுக்கு மனுப் போடலாம்னு சொல்றாங்க.

இப்ப அவ நாலு மாசம் முழுகாம இருக்கா. அக்டோபர் கடைசியில நாள் சொல்லியிருக்காங்க. தலைப்பிரசவம் தாய் வீட்லதான்னு எங்க அம்மா பிடிவாதமா இருக்காங்க. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டு அழைச்சுட்டு வந்து, குழந்தைக்கு அஞ்சு மாசம் ஆனதும் அனுப்பலாம்னு அவங்க கணக்கு. மாப்பிள்ளையோட சித்தப்பா, "கார்டே வேணாம், நேரா நேஷனாலிட்டி போட்டுக்கலாம்"னு சொல்றார். தங்கச்சிக்கு பிரெஞ்சு ஏதோ கடை கண்ணிக்குப் போய் வர்ற அளவுக்கு வரும். அந்த ஊர் நடைமுறை தெரிஞ்சவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

சார்செல் அக்கா:
தம்பி, முதல்ல தேதியை வரிசையா வைங்க, பாதிக் குழப்பம் போயிடும். கார்டு முடியறது 2027 பிப்ரவரி. புதுப்பிக்கிற மனுவை, முடியறதுக்கு நாலு மாசம் முன்னால இருந்து ரெண்டு மாசம் முன்னால வரைக்கும் ஆன்லைன்ல போடணும். அதாவது அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரை. மூணு வருஷம் நிறையறது நவம்பர்ல. ஆக, பத்து வருட கார்டு கேட்டு மனுப் போட வேண்டிய நேரம் சரியா நவம்பர், டிசம்பர். உங்க அம்மா கணக்குப்படி அந்த நேரத்துல தங்கச்சி முத்தியால்பேட்டையில பச்சை உடம்போட இருப்பா. குழந்தைக்கு அஞ்சு மாசம் ஆகறது மார்ச் கடைசி. அதுக்குள்ள கார்டு செத்துப் போயிருக்கும்.

இதை மட்டும் நல்லா மனசுல வாங்கிக்குங்க. பத்து வருட கார்டு கொஞ்சம் தள்ளிப் போனா ஒண்ணும் குடி முழுகாது. கையில இருக்கிற கார்டு காலாவதியானா முழுகும்.

முத்தியால்பேட்டை அண்ணன்:
நன்றிக்கா. ஆன்லைன் மனுதானே, இங்க உட்கார்ந்தே போட முடியாதா? ஸ்கேன் பண்ணி ஏத்தறதுதானே வேலை?

சார்செல் அக்கா:
பட்டனை எங்கிருந்து வேணும்னாலும் அழுத்தலாம் தம்பி. ஆனா அந்த மனுவோட உயிரே, "நான் பிரான்சுல என் புருஷனோட ஒரே வீட்ல வாழறேன்"ங்கிறதுதான். அதை நாலு மாசமா இந்தியாவுல இருந்துக்கிட்டு எப்படிச் சொல்றது? பிரசவத்துக்குப் போனேன்னு சொல்லலாம், அது பொய்யும் இல்ல. ஆனா கூடுதல் காகிதம் கேட்டு பிரேபெக்தூர் (கார்டு கொடுக்கிற மாவட்ட அரசு அலுவலகம்) எழுதும், பதில் சொல்ல கெடு கொடுக்கும். கார்டை நேர்ல போய்த்தான் வாங்கணும். நேரத்தோட மனுப் போட்டு, பழைய கார்டு முடியறதுக்குள்ள முடிவு வரலைன்னா, அந்த ஆன்லைன் கணக்குலயே ஒரு நீட்டிப்புச் சான்று கிடைக்கும். வேலை, மருத்துவக் காப்பீடு எல்லாம் அதை வச்சு ஓடும். நேரம் தவறிப் போட்டா அந்தப் பாதுகாப்பு கைவிட்டுப் போகும், அபராதம் வேற.

என் நாத்தனார் மகளுக்கு இப்படித்தான் இடைவெளி விழுந்தது. எந்த ஊர் அலுவலகம்னு வேணாம். கார்டு இல்லாத அந்த நாட்கள்ல அவ பார்த்துக்கிட்டிருந்த வேலை போச்சு. கார்டு பின்னால வந்தது, வேலை வரல.

லாஸ்பேட்டை டீச்சர்:
நான் இங்கே பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறவள். தேதியைப் பற்றி அக்கா சொல்லிவிட்டார். மொழியைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

2024 ஜனவரி 26 தேதியிட்ட குடியேற்றச் சட்டம் மொழி நிலையை (ஏ-1, ஏ-2, பி-1, பி-2 என்று படிப்படியாக ஏறும்) உயர்த்திவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அது நடப்புக்கு வந்திருக்கிறது. பத்து வருட கார்டுக்கு முன்பு ஏ-2 போதும், இப்போது பி-1 வேண்டும். நேஷனாலிட்டிக்கு முன்பு பி-1, இப்போது பி-2. இதோடு குடிமைத் தேர்வு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 40 கேள்விகள், 45 நிமிடம், 32 சரியாக இருந்தால் தேர்ச்சி. குடியரசின் கொள்கைகள், உரிமை, கடமை, வரலாறு, அன்றாட வாழ்க்கை என்று கேட்பார்கள். கேள்விகள் பிரெஞ்சில்தான் இருக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மொழி நிபந்தனையில் விலக்கு உண்டு, உங்கள் தங்கைக்கு அது பொருந்தாது.

ஓஃபி வகுப்பு முடித்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வகுப்பின் இலக்கு ஏ-1 தான். அங்கிருந்து பி-1 என்பது தானாக வந்துவிடாது. மூன்று வருடம் அங்கேயே இருக்கிறாளே, வராதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். வீட்டில் தமிழ், கடைக்குப் பாரிசில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷாப்பேல், டிவியில் தமிழ் சேனல் என்று இருந்தால் எங்கே வரும்? என்னிடம் வரும் பெண்களில் பலர் அறிவாளிகள். பிரெஞ்சு பேசுகிற நான்கு பேரோடு பழகும் வாய்ப்புதான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

பி-1 என்றால் என்ன என்று ஒரு காட்சியாகவே சொல்கிறேன். டெல்ஃப் என்கிற பிரெஞ்சு மொழித் தேர்வில் வாய்மொழிப் பகுதி. பத்து நிமிடம் தயாராகக் கொடுப்பார்கள். பிறகு எதிரே இரண்டு பேர். முதலில் உன்னைப் பற்றிச் சொல் என்பார்கள். அடுத்து ஒரு சூழ்நிலை: மேல் வீட்டுக்காரர் இரவில் சத்தம் போடுகிறார், போய்ப் பேசி ஒரு முடிவுக்கு வா. மூன்றாவதாக ஒரு சின்னச் செய்திக் குறிப்பு. அதைப் படித்துவிட்டு உன் கருத்து என்ன, ஏன் என்று கேட்பார்கள். நம் பெண்கள் விழுவது இந்த மூன்றாவதில்தான். "எனக்குத் தோன்றுவது இது, காரணம் இது" என்று ஒரு அந்நியர் முன்னால் தொடர்ந்து பேசிப் பழக்கமில்லை. இலக்கணம் தெரிந்தவர்கள்கூட அங்கே வாயடைத்து நிற்பார்கள்.

நான்கு பகுதி, ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண், மொத்தம் நூற்றுக்கு ஐம்பது எடுக்க வேண்டும். எந்தப் பகுதியிலும் ஐந்துக்குக் கீழே போகக் கூடாது. டெல்ஃப் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும். டிசிஎஃப் என்கிற மாற்றுத் தேர்வு இரண்டு வருடம்தான் செல்லும். அதனால் டெல்ஃப் எழுதச் சொல்லுங்கள், அதுவும் ஆகஸ்டுக்குள் தயாராகி. எட்டாம் மாசத்தில் போய் மணிக்கணக்கில் தேர்வறையில் உட்காரக் கூடாது.

முத்தியால்பேட்டை அண்ணன்:
டீச்சர், அவ தமிழ் மீடியம். பன்னிரண்டாவது வரைக்கும் ஃபர்ஸ்ட் மார்க். ஆனா இந்த நிலைமையில படிக்கச் சொன்னா அம்மா என்னை வீட்டை விட்டு விரட்டிடுவாங்க. பி-1 வராம போனா என்ன ஆகும்?

லாஸ்பேட்டை டீச்சர்:
வராவிட்டால் இரண்டு வருட கார்டையே மறுபடி புதுப்பித்துக்கொள்ளலாம், அதற்குப் பயப்பட வேண்டாம். புதிய மொழி நிபந்தனை முதல் முறை இரண்டு வருட கார்டு வாங்குகிறவர்களுக்கும், முதல் முறை பத்து வருட கார்டு வாங்குகிறவர்களுக்கும்தான். பி-1 கைக்கு வந்த பிறகு பத்து வருடத்துக்குப் போடலாம். ஆனால் தள்ளிப் போடும்போது என்ன நடக்கும் தெரியுமா? கைக்குழந்தை, பிறகு இரண்டாவது, பிறகு பள்ளிக்கூடம். படிக்க உட்காரும் நேரம் இனி கூடப் போவதில்லை. தமிழ் மீடியத்தில் முதல் மதிப்பெண் எடுத்தவளுக்கு இந்தப் படிப்பு வரும். பாரம் தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொல்வார், படிக்கக் கூடாது என்று சொல்ல மாட்டார்.

குருசுக்குப்பம் பெரியவர்:
சித்தப்பா சொன்ன நேஷனாலிட்டி விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சுக்காரரைக் கட்டியவருக்கு அது கல்யாணமாகி நாலு வருஷம் முடிந்தபின் அறிவிப்பு முறையில். பிரான்சில் தொடர்ந்து மூன்று வருஷம் சேர்ந்து வாழ்ந்ததைக் காட்ட முடியாவிட்டால் அது ஐந்தாகலாம். உங்கள் தங்கைக்கு 2027 நவம்பருக்கு முன் அந்தப் பேச்சே கிடையாது, மொழியோ பி-2. அதுவரை அவள் எந்தக் கார்டில் இருப்பாள்? நேராக நேஷனாலிட்டி என்று ஒரு வழி கிடையவே கிடையாது.

இன்னொன்றும் யோசியுங்கள். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி, வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக எடுத்துக்கொண்ட மாத்திரத்தில் இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். ஓசிஐ (வெளிநாட்டு இந்தியர் அட்டை) வாங்கிக்கொண்டு வரப் போக இருக்கலாம், வீடு வாங்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. பத்து வருட கார்டில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் அப்படியே இருக்கும், அங்கே வேலை பார்க்கலாம், பத்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்தால் போதும்.

எங்கள் வீட்டில் 1962 ஆகஸ்ட் 16இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்ததும் ஆறே மாதத்தில் முடிவெடுக்க வேண்டியிருந்தது. என் பெரியப்பா பிரெஞ்சுக்காரராக இருக்க எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. ஒரே முற்றத்தில் இரண்டு நாட்டுக் குடிமக்கள். அன்றைக்கு அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. உங்கள் தங்கைக்கு இருக்கிறது. நேஷனாலிட்டி வேண்டுமா வேண்டாமா என்பதை அவளே பொறுமையாக முடிவு செய்யட்டும். சித்தப்பா முடிவு செய்ய வேண்டாம்.

வில்லியனூர் டு எவ்ரி:
எல்லாரும் சட்டம் சொல்றாங்க, நான் காகிதம் சொல்றேன். பத்து வருட கார்டுல முக்கியமா பார்க்கறது, கல்யாணம் ஆன நாள்ல இருந்து சேர்ந்து வாழறது நிக்கலைங்கிறது. அதுக்குச் சாட்சி என்ன? வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், பேங்க் கணக்கு, வரிச் சீட்டு, காஃப் (குடும்ப உதவித்தொகை அலுவலகம்) கடிதம், கார்த் வித்தால் (மருத்துவக் காப்பீட்டு அட்டை). இதுல எத்தனையில உங்க தங்கச்சி பேர் இருக்கு? நம்மாளுங்க வீட்ல எல்லாமே மாப்பிள்ளை பேர்ல இருக்கும், ஏன்னா அவர்தான் முன்னாடியே அங்க இருந்தவர். வாடகை வீடா இருந்தா ஒப்பந்தத்துல அவளையும் சேர்க்கச் சொல்லி வீட்டுக்காரருக்கு எழுதலாம். கரண்ட் பில்லுல ரெண்டாவது பேர் சேர்க்க ஒரு போன் போதும். வரி அறிவிப்பு கணவன் மனைவி சேர்ந்து ஒண்ணாத்தான் கொடுக்கணும். அந்தச் சீட்டு எல்லா வருஷமும் பத்திரமா இருக்கான்னு பாருங்க, அதை விடப் பெரிய சாட்சி வேற இல்ல.

சின்ன விஷயம் ஒண்ணு, ஆனா பெருசா அடிக்கும். கீழ்த் தளத்துல வரிசையா இருக்கிற தபால் பெட்டியில அவ பேர் ஒட்டியிருக்கா? அந்த ஊர்ல பெட்டியில இருக்கிற பேரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவாங்க. பாஸ்போர்ட்ல அவளுக்கு அப்பா பேர், பெட்டியில மாப்பிள்ளை குடும்பப் பேர் மட்டும். தபால்காரருக்கு எப்படித் தெரியும்? பதிவுத் தபால் "இந்த முகவரியில் இல்லை"னு திரும்பிப் போயிடும். அனுப்பின அலுவலகத்துக்கு அது என்ன சொல்லும்? இந்தப் பொண்ணு இந்த வீட்ல இல்லைன்னு சொல்லும். பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே எழுத்து மாறாம ஒரு சீட்டு எழுதி இன்னைக்கே ஒட்டச் சொல்லுங்க.

முத்தியால்பேட்டை அண்ணன்:
போன் போட்டுக் கேட்டேன். பெட்டியில மாப்பிள்ளை அப்பா பேர்தான் இருக்காம், இவ பேரும் இல்ல, மாப்பிள்ளை பேரும் இல்ல. பில் எல்லாம் அந்த மாமனார் பேர்லயே வருதாம். வரிச் சீட்டு மட்டும் ரெண்டு பேர் பேர்லயும் இருக்கு. அதுவரைக்கும் நிம்மதி.

காரைக்கால் மகள்:
நான் சொல்லப் போறது உங்க வீட்டுக்குத் தேவைப்படக் கூடாது, அதுதான் என் வேண்டுதல். ஆனா இந்த இழையை நாளைக்கு வேற யாராவது ஒரு பொண்ணு படிப்பா, அவளுக்காக எழுதறேன்.

கார்டு புருஷனால கிடைக்குதுங்கிறதால, "நான் கையெழுத்துப் போடலைன்னா நீ ஊருக்குத்தான்"னு மிரட்டறவங்க இருக்காங்க. அடிச்சாலும் வாயைத் திறக்காம பத்து வருட கார்டு வரட்டும்னு பொறுத்துக்கிட்டு இருக்கிற பொண்ணுங்களை நான் பார்த்திருக்கேன். பிரெஞ்சுச் சட்டம் அப்படிச் சொல்லல. வீட்டு வன்முறையால சேர்ந்து வாழறது நின்னு போச்சுன்னா, அதைக் காரணம் காட்டி கார்டைப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. புருஷன் இறந்துட்டாலும் அப்படித்தான். போலீஸ் புகார், டாக்டர் சான்று இதையெல்லாம் அன்னைக்கன்னைக்கே எடுத்து வைக்கணும். 3919ங்கிற எண் இலவசம், பேர் சொல்ல வேண்டியதில்ல, எந்த நேரமும் எடுப்பாங்க.

இன்னொரு விதியும் தெரிஞ்சுக்குங்க. பத்து வருட கார்டு வந்த பிறகும், கல்யாணமாகி நாலு வருஷத்துக்குள்ள சேர்ந்து வாழறது முறிஞ்சா அரசாங்கம் அதைத் திரும்பப் பறிக்க இடம் இருக்கு. அந்தக் கல்யாணத்துல குழந்தை இருந்து, பிறந்ததுல இருந்து அதை வளர்க்கிற பொறுப்பை அம்மா ஏத்துக்கிட்டு இருந்தா பறிக்க முடியாது. தாய்க்குப் பிள்ளை ஒரு காப்பு.

முத்தியால்பேட்டை அண்ணன்:
மாப்பிள்ளை தங்கமானவர் அக்கா, ஆனா நீங்க எழுதினதை அப்படியே தங்கச்சிக்கு அனுப்பினேன். அவ தெரிஞ்சு வச்சிருக்கட்டும்.

இப்ப அம்மா கேக்கறாங்க: குழந்தை இங்க பிறந்தா அதுக்கு பிரெஞ்சு நேஷனாலிட்டி போயிடுமா? அங்க பிறந்தாத்தான் கிடைக்குமா?

குருசுக்குப்பம் பெரியவர்:
தகப்பன் பிரெஞ்சுக்காரர், அதனால் எங்கே பிறந்தாலும் குழந்தை பிரெஞ்சுதான். வேலைப்பளுவில்தான் வித்தியாசம். இங்கே பிறந்தால் 21 நாளுக்குள் நகராட்சியில் பதிந்து, அந்தச் சான்றிதழை வைத்துக் கான்சுலேட்டில் பிறப்பைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏற்றி, பிறகு பாஸ்போர்ட் எடுத்து, இந்தியாவை விட்டுக் கிளம்ப அனுமதியும் வாங்க வேண்டும். அங்கே பிறந்தால் ஐந்து நாளுக்குள் மேரியில் (அந்த ஊர் நகராட்சியில்) மாப்பிள்ளை போய்ச் சொன்னால் பதிந்துவிடுவார்கள்.

சார்செல் அக்கா:
தம்பி, அம்மாகிட்ட நான் பேசறதா நினைச்சு இதைப் படிச்சுக் காட்டுங்க.

அம்மா, உங்க மக இங்க பிரசவம் பார்த்துக்கிட்டா ஆறாம் மாசத்துல இருந்து பிரசவச் செலவு முழுக்க காப்பீடு பார்த்துக்கும். ஆஸ்பத்திரியில நல்லாவே பார்க்கறாங்க. ஆனா நீங்க கவலைப்படறது ஆஸ்பத்திரிக்காக இல்லன்னு எனக்குத் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகு யார் பத்தியம் வச்சுக் கொடுப்பா, யார் பிள்ளையைக் குளிப்பாட்டுவா, ராத்திரி யார் தூக்கி வச்சுக்குவா? இதுதானே உங்க பயம். எனக்கு முதல் பிள்ளை பிறந்தப்ப யாரும் வரல. பூண்டுக் குழம்பு வாசனைக்கு அழுதிருக்கேன். அதனால நீங்க சொல்றது பிடிவாதம்னு நான் சொல்ல மாட்டேன்.

அவளை அங்க அழைக்காம நீங்க இங்க வாங்க. தாய் வீடு இங்க வரட்டும். ஜூன்ல, அஞ்சாம் மாசம், டாக்டர் சரின்னா மூணு வாரம் அவ ஊருக்கு வரட்டும். நம்ம பக்கம் அஞ்சாம் மாசமும் வளையல் போடறவங்க உண்டு, கண் நிறையப் பார்த்து அனுப்புங்க. அப்புறம் அக்டோபர்ல நீங்க கிளம்புங்க.

முத்தியால்பேட்டை அண்ணன்:
படிச்சுக் காட்டினேன் அக்கா. பூண்டுக் குழம்பு வரியில அம்மா என்கிட்ட இருந்து போனை வாங்கி, அவங்களே ரெண்டு தரம் படிச்சாங்க. "எனக்கு விசா கொடுப்பாங்களா"ன்னு கேட்டாங்க. அதுவே பெரிய மாற்றம். அவங்க பாஸ்போர்ட் 2024லயே முடிஞ்சு போச்சு. எத்தனை நாள் இருக்க முடியும்? என்னென்ன வேணும்?

வில்லியனூர் டு எவ்ரி:
குறுகிய கால விசாவுல 180 நாளுக்குள்ள 90 நாள் இருக்கலாம். அக்டோபர் நடுவுல வந்தா ஜனவரி நடு வரைக்கும். குழந்தைக்கு ரெண்டரை மாசம் ஆகியிருக்கும், தங்கச்சியோட மனுவும் அதுக்குள்ள போயிருக்கும். மாப்பிள்ளை தன் ஊர் மேரியில வரவேற்புச் சான்று வாங்கி அனுப்பணும். அதுக்குக் கட்டண முத்திரை, வீட்டுக் காகிதம், சம்பளச் சீட்டு வேணும். வீட்ல ஒரு ஆள் கூடத் தங்க இடம் இருக்கான்னும் பார்ப்பாங்க. அந்த அசல் தாள் தபால்ல புதுச்சேரி வந்து சேரணும், அதனால செப்டம்பர் வரைக்கும் காத்திருக்க வேணாம். 30,000 யூரோவுக்குப் பயண மருத்துவக் காப்பீடு எடுக்கணும். விசாக் கட்டணம் 90 யூரோ, மையத்தோட சேவைக் கட்டணம் தனி. அம்மாவோட பேங்க் கணக்குல திடீர்னு பெரிய தொகை போட்டுக் காட்டாதீங்க. ஓய்வூதியமோ வாடகையோ மாசாமாசம் வர்றது தெரிஞ்சா போதும், ஊருக்குத் திரும்பிப் போக வீடும் ஆளும் இருக்குன்னு அதுல தெரியணும்.

முதல் வேலை பாஸ்போர்ட். புதுசு எடுத்தாத்தான் விசா மனு. பிரான்சை விட்டுக் கிளம்பற நாளுக்குப் பிறகும் மூணு மாசம் அது செல்லணும், ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். விசாவுக்குப் பயணத் தேதிக்கு ஆறு மாசம் முன்னாடியே போடலாம். அம்மா பேர் பழைய பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே ஆதார்ல இருக்கா, இன்னைக்கே எடுத்துப் பாருங்க. இனிஷியலை ஒண்ணுல விரிச்சு எழுதி, ஒண்ணுல எழுத்தா விட்டிருப்பாங்க. திருத்தணும்னா முதல்ல ஆதார், அப்புறம் பாஸ்போர்ட்.